எந்த லீவ்?

கீரனூர்
12 பிப்ரவரி 1965

சேசு மரி சூசை துணை

அன்புள்ள மேரிக்கு,

நீயும் மரிய செல்வியும் கொலோன் நகரில் விமானம் இறங்கி, ரயில் மாறி, லிண்டன்பாக் ஆஸ்பத்திரிக்குச் சுகமாகப் போய்ச் சேர்ந்துவிட்டீர்கள். ஆதாரம்: அங்குள்ள மதர் நம் ஆவூர்ப் பங்குச் சாமியாருக்கு அடித்த தந்தி. சாமியார் வாயால் சொன்னது போதாது என்று தந்தியை வாங்கி நானே படித்தேன். அவர் சிரித்தார். இருபது வருஷமாக இந்தத் தாலுகாவின் செய்திகளைத் திருச்சிப் பத்திரிகைக்கு அனுப்புகிறவன் வேறு எப்படி இருப்பான்?

நான் சுகம். காலையில் சைக்கிள், மாலையில் செய்திக் கவரைத் திருச்சி பஸ்ஸில் கொடுப்பது, எல்லாம் முன்போலத்தான். சமையலும் நானே. குழம்பு என்ற பெயரில் ஒன்று தயாராகிறது. அது குழம்புதான் என்று இன்னும் எவரும் உறுதிப்படுத்தவில்லை. கண்டக்டர் செல்லமுத்து நேற்று கவரை வாங்கிக்கொண்டு, "என்ன நிருபரே, வீட்டம்மா அங்கிட்டு, நீங்க இங்கிட்டு. கவரைக் குடுக்கிறப்பவாச்சும் மூஞ்சியச் சிரிச்சாப்புல வச்சுக்குங்க, பஸ்ஸு கெளம்ப மாட்டேங்குது" என்றான்.

நர்ஸுகளான உங்கள் இருவருக்கும் ஆபரேஷன் அறைப் பயிற்சி ஒரு வருஷம். அடுத்த பிப்ரவரியில் நீ திரும்ப வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது. பாஷையை எண்ணிப் பயப்படாதே. ஆங்கிலமும் ஜெர்மனும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். தெரியாத சொல் எதிர்ப்பட்டால் எனக்கு எழுது. இத்தனை நாளும் நீ கேட்டாய், நான் சொன்னேன். இனிமேல் அது தபாலில் நடக்கட்டும்.

நிலுவையில் இருப்பது உன் முதல் கடிதம். மாதக் கடைசிக்குள் எதிர்பார்க்கிறேன்.

அன்புடன்,
அடைக்கலராஜ்

—

லிண்டன்பாக், மேற்கு ஜெர்மனி
3 மார்ச் 1965

அன்புள்ள அத்தானுக்கு,

சர்வேசுரன் கிருபையால் நானும் மரிய செல்வியும் நலம். நீங்கள் நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா? உங்கள் குழம்பைப் பற்றிப் படித்து மரிய செல்வி சிரித்துச் சிரித்துப் புரையேறிப் போனாள்.

குளிரைப் பற்றி எழுத மாட்டேன். எழுதினால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். பாஷை நீங்கள் சொன்னபடிதான். கைக்கு ஹாண்ட், விரலுக்கு ஃபிங்கர், தோளிலிருந்து தொங்குவது ஆர்ம். ஆபரேஷன் மேஜையில் படுத்திருப்பவரின் உடம்பு முழுக்க எனக்குத் தெரிந்த சொற்களாகவே இருந்தது. அந்தத் தைரியத்தில் ஒரு காரியம் செய்துவிட்டேன்.

மருந்தறையில் பூட்டிய சின்ன அலமாரி ஒன்று. அதன் மேல் சிவப்பில் 'கிஃப்ட்' என்று எழுதியிருந்தது. புதிதாக வந்தவர்களுக்குப் பரிசு வைத்திருக்கிறார்கள் போல என்று நினைத்து, "எனக்கு எது?" என்று ஆங்கிலத்தில் கேட்டேன். மருந்தாளர் பிராண்ட் கையில் இருந்த சீசாவைக் கீழே வைத்துவிட்டு, "சிஸ்டர், நீங்கள் வந்து பத்து நாள்கூட ஆகவில்லையே, அதற்குள் இவ்வளவு விரக்தியா?" என்றார். ஜெர்மனில் கிஃப்ட் என்றால் விஷமாம்! இரண்டும் ஒரே சொல்தானாம். 'கொடுத்தது' என்பதுதான் ஆதிப் பொருள். ஆங்கிலத்தில் அது பரிசு ஆயிற்று, இங்கே மருந்தளவாக இருந்து விஷமாகிவிட்டது.

மதர் அடிக்கடி 'பால்ட்' என்கிறார். ஆங்கிலத்தில் அது வழுக்கையாயிற்றே, முக்காட்டுக்குள் எப்படியோ என்று நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். 'சீக்கிரம்' என்று பொருளாம். அதையும் பிராண்ட்தான் சொன்னார். யுத்தத்தில் பிடிபட்டு இங்கிலாந்தில் கைதியாக இருந்தபோது ஆங்கிலம் கற்றுக்கொண்டாராம். இந்த ஆஸ்பத்திரியில் ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். அதனால் உங்களுக்கு இந்தச் சிரமம் இல்லை.

உங்கள் அன்புள்ள,
மேரி

—

கீரனூர்
20 மார்ச் 1965

அன்புள்ள மேரிக்கு,

உன் கடிதம் 12ஆம் தேதி வந்தது. தபால்காரர் கையெழுத்தோடு உறுதி. அரிமளத்தில் ஒரு வழக்கு விசாரணைக்குப் போயிருந்தேன், பதில் தாமதம். உடம்பு நலம். உன் உடம்பைக் குளிரில் கவனித்துக்கொள்.

கிஃப்ட் பற்றி எழுதியிருந்தாய். செய்தி சுவையானது, ஆனால் முழுமையாக இல்லை. பிராண்ட் என்று பெயர் இருக்கிறது. வயது இல்லை, குடும்ப விவரம் இல்லை. இப்படி ஒரு செய்திக் காப்பி வந்தால் நான் திருப்பி அனுப்புவது உனக்குத் தெரியும். பொது அறிவுக்காகக் கேட்கிறேன்.

அந்தச் சொல் விளக்கத்தையும் சரிபார்த்தேன். புதுக்கோட்டைக் கல்லூரி நூலகத்தில் தடிமனான ஆங்கில அகராதி இருக்கிறது; சொல் எங்கிருந்து வந்தது என்பதெல்லாம் அதில் உண்டு. நீ எழுதியது சரிதான். ஆனால் இதற்காக ஒருவர் சிறையில் இருந்து ஆங்கிலம் கற்றிருக்க வேண்டியதில்லை. நூலகத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் போதும். 'உங்களுக்கு இந்தச் சிரமம் இல்லை' என்று எழுதியிருக்கிறாய். சிரமம் என்று நான் எப்போது சொன்னேன்?

அன்புடன்,
அடைக்கலராஜ்

—

லிண்டன்பாக்
20 ஏப்ரல் 1965

அன்புள்ள அத்தானுக்கு,

உயிர்த்த ஞாயிறு வாழ்த்து. நாங்கள் இருவரும் சுகம். ஆவூர்த் தேர் நிலைக்கு வந்ததா, மழை கெடுத்ததா என்று எழுதுங்கள்.

பிராண்டுக்கு நாற்பத்து மூன்று வயது. குடும்பத்தைப் பற்றி நான் கேட்கவில்லை. ஊரில் சைக்கிள் நிறுத்தி யாரையும் எதையும் விசாரிப்பது நீங்கள். எனக்கு அது வராது.

இங்கே ஒரு வேடிக்கை நடந்தது. எங்களோடு டச்சுக்காரி ஒருத்தி பயிற்சிக்கு வந்திருக்கிறாள். டாக்டர் கேட்பதற்கு முன்பே நான் ஒரு கருவியை அவர் கையில் கொடுத்ததைப் பார்த்து, என்னை 'ஸ்லிம்' என்றாள். நான் வெட்கப்பட்டு, "கீரனூரில் இன்னும் மெலிவாக இருந்தேன்" என்றேன். பக்கத்தில் இருந்த ஜெர்மன் சிஸ்டருக்கு முகம் சிவந்துவிட்டது, "அவளிடம் என்ன கெட்டதைக் கண்டாய்?" என்று டச்சுக்காரியிடம் சண்டைக்குப் போனாள். டச்சில் அது கெட்டிக்காரி, ஆங்கிலத்தில் மெலிந்தவள், ஜெர்மனில் மோசம். ஒரே சொல்லுக்காக மூன்று பேரும் கத்திக்கொண்டிருந்தோம்.

இன்னொன்று. வேலைப் பலகையில் என் பெயருக்கு நேரே 'ஊர்லவுப்' என்று போட்டிருந்தார்கள். எனக்கு அதில் 'ஊர்' மட்டும்தான் கண்ணில் பட்டது. ஊருக்கு அனுப்புகிறார்களோ என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. பார்த்தால் இரண்டு நாள் விடுப்பு! பிராண்ட் அந்தச் சொல்லின் குடும்பத்தையே எழுதிக் காட்டினார். விடுப்பு, அனுமதி, நம்பிக்கை, அன்பு, இந்த நாலுக்கும் ஜெர்மனில் ஒரே வேராம். ஆங்கிலத்திலும் அப்படியே: லவ், பிலீவ், அனுமதி என்ற பொருளில் வரும் லீவ். பிரியமானவரை நம்புகிறோம், நம்புகிறவருக்கு அனுமதி கொடுக்கிறோம், அப்படித்தான் இந்தச் சொற்கள் பிரிந்தன என்றார். எனக்கு இரண்டு நாளும் அதே நினைப்பு. நீங்கள் பக்கத்தில் இருந்தால் இதைக் கேட்டுச் சந்தோஷப்பட்டிருப்பீர்கள்.

உங்கள் அன்புள்ள,
மேரி

—

கீரனூர்
9 மே 1965

அன்புள்ள மேரிக்கு,

ஆவூர்த் தேர் நிலைக்கு வந்தது, மழை இல்லை. நான் கூட நடந்து பார்த்தேன்.

அங்கே மரிய செல்வியின் ஆத்தாவைச் சந்தித்தேன். அவள் சொன்னதைச் சொன்னபடி தருகிறேன்: "எம் மக எழுதியிருந்தா. ஒங்க வீட்டம்மாவுக்கு அங்க நல்ல மருவாதியாம்ல! அந்த மருந்தய்யா ஆத்தோரமா நடந்துக்கிட்டே பாடம் சொல்லிக் குடுக்கிறாராம். குடுத்து வச்சவுக." கூட்டத்தில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். செய்தி உண்மையா என்று நான் விசாரிக்கவில்லை. உனக்குத் தெரியப்படுத்துகிறேன், அவ்வளவே.

அன்பு, நம்பிக்கை பற்றிய பாடம் கிடைத்தது. சந்தோஷப்படுவேன் என்று எழுதியிருந்தாய். பிராண்ட் அவர்களின் வரிசையில் 'லவ்' எத்தனையாவது பாடமாக வந்தது என்று தெரிந்தால் நல்லது.

என் பங்குக்கு ஒரு சொல் அனுப்புகிறேன். ஆங்கிலத்தில் 'நேவ்' என்றால் அயோக்கியன். ஆதியில் வெறும் 'பையன்' என்றுதான் பொருள் இருந்ததாம்; ஜெர்மனில் அதன் உடன்பிறப்பு இன்றும் பையன்தான். பையன் எப்போது அயோக்கியன் ஆனான் என்று அகராதியில் தேடினேன், திருப்தியான பதில் இல்லை. மருந்தறையில் கேட்டுப் பார்.

டச்சுக்காரி உன்னைக் கெட்டிக்காரி என்றது சரி. அதைச் சொல்ல எனக்கு ஒரு பாஷையும் புதிதாகத் தேவைப்படவில்லை. சொன்னேனா என்பது வேறு.

உடம்பு நலம்.

அடைக்கலராஜ்

—

லிண்டன்பாக்
11 ஜூன் 1965

அன்புள்ள அத்தானுக்கு,

நான் நலம். உங்கள் கடிதத்தில் 'அன்புடன்' விட்டுப் போயிருந்தது. அச்சுப் பிழை என்று எடுத்துக்கொண்டேன்.

ஆற்றோரம் நடப்பது உண்மை. நடக்கிறவர்கள் ஆறு பேர்: நான், மரிய செல்வி, டச்சுக்காரி, கேரளத்துப் பெண்கள் இருவர், பிராண்ட். ஆஸ்பத்திரி ஏற்பாடு செய்த பாஷை வகுப்பு அது. எதிரே வருவதைக் காட்டிப் பெயர் சொல்லுவார். மரிய செல்வியின் ஆத்தா மீதி நாலு பேரை ஆற்றிலேயே விட்டுவிட்டாள். அதைக் கேட்டுவிட்டு நீங்கள் 'விசாரிக்கவில்லை' என்று எழுதியதுதான் எனக்கு ஆச்சரியம். தந்தியைக்கூட வாங்கிப் படிக்கிறவர் அல்லவா?

'நேவ்' பற்றிக் கேட்டேன். பிராண்ட் சிரித்துவிட்டு, "இதை அனுப்பியவர் என்னைப் பற்றித்தான் கேட்கிறார் என்று நினைக்கிறேன்" என்றார். எனக்கு எங்கே முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

இப்போது முக்கியமான விஷயம். மதர் என்னை இன்னும் ஒரு வருஷம் இருக்கச் சொல்கிறார். ஆபரேஷன் அறையைத் தனியாக நிர்வகிக்கும் படிப்பு. முடித்து வந்தால் நம் மிஷன் ஆஸ்பத்திரியில் அதை நானே ஏற்று நடத்தலாம். இத்தனை வருஷம் டாக்டருக்குப் பின்னால் தட்டு ஏந்தி நின்றேன். எனக்கு ஆசையாக இருக்கிறது. மறைக்கவில்லை.

மணமானவள் என்பதால் கணவர் சம்மதம் எழுத்தில் வேண்டுமாம். ஆங்கிலத்தில் மதர் பெயருக்கு நீங்களே அனுப்ப வேண்டும். இரு என்றால் இருக்கிறேன். வா என்றால் பிப்ரவரியில் வருகிறேன். உங்கள் விடைக்காகக் காத்திருக்கிறேன்.

உங்கள் அன்புள்ள,
மேரி

—

லிண்டன்பாக்
22 ஆகஸ்ட் 1965

அன்புள்ள அத்தானுக்கு,

சுகமா? ஜூனில் எழுதியதற்குப் பதில் இல்லை. ஜூலையில் ஒன்று போட்டேன், அதற்கும் இல்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லை என்று மரிய செல்வியின் வீட்டுக் கடிதத்திலிருந்து தெரிந்துகொண்டேன். நீங்கள் தினமும் பஸ் ஸ்டாண்டுக்கு வருகிறீர்களாம். நம் சேதியை நாலு வீடு தள்ளித் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

மாதா திருநாளன்று எனக்கு நாமத் திருவிழா என்று வார்டில் எல்லோரும் வாழ்த்தினார்கள். நன்றி சொன்னேன். ஜெர்மனில்தான் சொன்னேன், நன்றாகச் சொன்னேனாம்.

செப்டம்பர் முடிவுக்குள் மதருக்குச் சம்மதம் வர வேண்டும்.

மேரி

—

கீரனூர்
30 செப்டம்பர் 1965

அன்புள்ள மேரிக்கு,

பாகிஸ்தானோடு யுத்தம் நின்றுவிட்டது, 23ஆம் தேதி அதிகாலை முதல் அமல் என்று வானொலி அறிவித்தது. இம்மாதம் தபால் போக்குவரத்து சீராக இல்லை. உனக்குப் பதில் எழுதாததற்கு அதுவும் காரணம்.

நீ கேட்ட சம்மதத்தை 14ஆம் தேதியே மதர் பெயருக்கு ஏர் மெயிலில் அனுப்பிவிட்டேன். ஆங்கிலத்தில்தான். ரசீது என்னிடம் இருக்கிறது.

நான் சுகம். குளத்தூர்ப் பக்கம் மழை பிடித்திருக்கிறது. செல்லமுத்து உன்னை விசாரித்தான். "வீட்டம்மா எப்ப வாராக?" என்றான். தகவல் வந்ததும் சொல்கிறேன் என்றேன்.

அடைக்கலராஜ்

—

லிண்டன்பாக்
22 அக்டோபர் 1965

அன்புள்ள அத்தானுக்கு,

நலம். நீங்கள் நலமா என்று கேட்க வேண்டும், கேட்கிறேன்.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். உங்கள் கடிதம் மதருக்கு இம்மாத முதல் வாரத்தில் வந்தது. அதில் இரண்டே வாக்கியம்: 'மை வைஃப் ஆஸ்க்ஸ் லீவ். ஐ கிராண்ட் இட்.' கீழே கையெழுத்து. ஆங்கிலம் தெரிந்த பிராண்ட் அப்போது இரண்டு வார விடுப்பில் அண்ணன் ஊருக்குப் போயிருந்தார். மதர் சின்ன அகராதியை எடுத்து 'லீவ்' பார்த்திருக்கிறார். நீங்கிப் போவது, விட்டுப் போவது, விடுப்பு. மூன்றும் ஒரே பக்கம் கை காட்டின. நான் ஊருக்குப் போக ஆசைப்பட்டு உங்களைக் கேட்டேன், நீங்கள் சரி என்றுவிட்டீர்கள் என்று எடுத்துக்கொண்டார். என்னைக் கூப்பிட்டு, "முதலிலேயே சொல்லியிருக்கலாமே, மகளே" என்று வருத்தத்தோடு விமான டிக்கெட்டைக் கையில் கொடுத்தார். நவம்பர் 15.

அந்த நிமிஷம் என் மனதில் முதலில் வந்தது கோபம் அல்ல. அது என்ன என்று பிறகு எழுதுகிறேன்.

நான் ஒன்றும் மறுத்துப் பேசவில்லை. நீங்கள் வேண்டாம் என்றுதான் எழுதியிருப்பீர்கள் என்று எனக்குள் முடிவாகிவிட்டது. பெட்டியில் துணி அடுக்கினேன். மரிய செல்வி அழுதாள். பிறகு பிராண்ட் வந்தார். கடிதத்தைப் படித்ததும் மதரிடம், "இது அனுமதி என்கிற லீவாகவும் இருக்கலாம். அப்படியானால் அவர் இருக்கச் சொல்கிறார்" என்றார்.

அவர் அப்போது சொன்னதை நீங்கள் நூலகத்தில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் லீவ் இரண்டாம். ஒன்று லவ், பிலீவ் ஆகியவற்றோடு பிறந்தது. மற்றொன்று வேறு வேர். அதற்கு ஆதிப் பொருள் 'அங்கேயே இருக்கும்படி விடுவது'. அதன் ஜெர்மன் உடன்பிறப்பு 'பிளைபன்'. அதற்கு 'தங்கி இரு' என்று பொருள். ஒரு தாய் வயிற்றில் பிறந்த சொல், ஆங்கிலத்தில் போ என்கிறது, இங்கே இரு என்கிறது.

மதர் இருவர் முகத்தையும் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: "பிராண்டுக்குச் சொல் தெரியும். எழுதிய மனிதரை உனக்குத்தான் தெரியும். அவர் எந்த லீவைச் சொல்கிறார்?"

எனக்குச் சொல்லத் தெரியவில்லை, அத்தான். பதின்மூன்று வருஷம் உங்களோடு குடும்பம் நடத்தியவள் நான். வெட்கமாக இருந்தது. பிராண்ட் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஒன்று மட்டும் எனக்குத் தெரியும். எங்கே, எப்போது, எதற்கு என்பதில் ஒன்று குறைந்தாலும் அடுத்தவர் காப்பியைத் திருப்புகிறவர் நீங்கள். எதற்கு லீவ் என்று சொல்லாமல் ஒரு வரி உங்கள் பேனாவிலிருந்து தவறி விழாது. தபாலைக் குறை சொன்னீர்கள். யுத்தம் செப்டம்பரில் வந்தது. நான் எழுதியது ஜூன்.

டிக்கெட்டை மதர் இன்னும் ரத்து செய்யவில்லை. எந்த லீவ் என்று சொல்லுங்கள். எனக்குத் தமிழில் எழுதுங்கள்.

மேரி

—

கீரனூர்
1 நவம்பர் 1965
சகல அர்ச்சிஷ்டர் திருநாள்

அன்புள்ள மேரிக்கு,

மதருக்கு இன்று காலை கீரனூர் தபால் ஆபீஸிலிருந்து தந்தி போய்விட்டது. ஆதாரம்: தந்திக் குமாஸ்தா சிவசாமி தட்டி முடிக்கும் வரை நான் அருகிலேயே நின்றேன். வாசகம்: 'பெர்மிஷன் டு ஸ்டே ஒன் இயர் கிவன்.' சிவசாமி எண்ணிப் பார்த்துவிட்டு, "இத்தன சொல்லு எதுக்கு நிருபரே? 'லீவ்'னு ஒண்ணாப் போட்டா மிச்சமாகுமே" என்றார். "வேணாம்ங்க, அந்த ஒரு சொல்லு ஏற்கெனவே நெறைய இழுத்து விட்ருச்சு" என்றேன். அவருக்குப் புரியவில்லை.

நீ கண்டுபிடித்தது சரி. தவறி விழவில்லை.

செப்டம்பர் 14 காலை முதலில் எழுதியது: 'என் மனைவி இன்னும் ஒரு வருஷம் அங்கே தங்க எனக்குச் சம்மதம்.' நல்ல வாக்கியம். கையெழுத்துப் போடும்போது, இதை மதருக்கு மொழிபெயர்த்துச் சொல்லப் போகிறவர் அந்த மருந்தறைக்காரர்தானே என்று தோன்றியது. என் சம்மதம் அவர் வாய் வழியாக உனக்கு வரும் என்று நினைத்ததும் கிழித்தேன். இரண்டாவது: 'உடனே திருப்பி அனுப்பவும்.' அதுவும் தெளிவான வாக்கியம்தான். அதையும் அவர்தானே படிப்பார். படித்துவிட்டு, நேவ் என்று எழுதியவன்தானே என்று சிரிப்பார் என்று கிழித்தேன். மூன்றாவதாக எழுதியதில் இரண்டும் இருந்தது. எப்படி எடுத்தாலும் நான் பொறுப்பில்லை. நீ இருந்தால் என் அனுமதியால் இருக்கிறாய், வந்தால் நீயாக வருகிறாய். அதை உறையில் போட்டபோது நல்ல வாக்கியம் எழுதிவிட்ட திருப்திகூட இருந்தது.

மதர் தப்பாகப் படிப்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஆனால் உன் கடிதத்தில் டிக்கெட் என்ற இடம் வந்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது, மேரி. பேசாமல் இருந்துவிட்டால் நீ 15ஆம் தேதி புறப்பட்டுவிடுவாய், பழி அகராதி மேல் விழும் என்று ஒரு முழு நாள் யோசித்தேன். நேற்று ஞாயிற்றுக்கிழமை, தந்தி ஆபீஸ் இல்லை என்று எனக்கு நானே காரணமும் சொல்லிக்கொண்டேன். பூசைக்குப் போய்விட்டு வந்து மறுபடி உன் கடிதத்தைப் படித்தேன். 'எனக்குச் சொல்லத் தெரியவில்லை, அத்தான்' என்ற வரியைத் தாண்ட முடியவில்லை.

பொறாமைதான். வேறு சொல் தேட வேண்டாம். ஆற்றோரம் நடப்பதைப் பற்றி அல்ல. ஆறு பேர் என்று நீ எழுதியதை நம்பினேன். நீ ஒரு சொல்லைப் புதிதாகக் கேட்டால் உன் முகம் எப்படி மாறும் என்று எனக்குத் தெரியும். பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "அப்படியா!" என்பாய். இந்த வீட்டில் அதைப் பார்க்கிறவன் நான் ஒருவன்தான் என்று இருந்தேன். இப்போது மருந்தறையில் ஒருவர் தினமும் பார்க்கிறார். அவருக்கு அதன் அருமை தெரியாது என்று நினைத்துக்கொள்ளப் பார்க்கிறேன். தெரியும் என்றுதான் தோன்றுகிறது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார் என்று எழுதியிருக்கிறாயே.

இரண்டு லீவையும் புதுக்கோட்டைக்குப் போய்ச் சரிபார்க்கவில்லை. அவர் சொன்னது சரியாகத்தான் இருக்கும்.

ஆங்கிலத்தில் எழுதச் சொன்னதால் எனக்கு ஒளிய இடம் கிடைத்தது, தமிழில் அந்த வசதி இல்லை என்று எழுத நினைத்தேன். அதுவும் முழு உண்மை அல்ல. நீ ஜூனில் 'விடை' கேட்டாய். விடை என்றால் பதில். விடை என்றால் புறப்படுவதற்குக் கொடுக்கும் உத்தரவு. நம் பாஷையிலும் ஒளிகிறவனுக்கு இடம் உண்டு. அதனால் ஒளிய முடியாத சொல்லாக எழுதுகிறேன்: இரு. படிப்பை முடி. இதைச் சொல்ல நான் பெரிய மனசுக்காரன் ஆகிவிடவில்லை. இன்று காலை தந்தி ஆபீஸிலும் பொறாமையோடுதான் நின்றேன். செல்லமுத்து மாலையில் கேட்பான். அறுபத்தேழு பிப்ரவரி என்று சொல்லப் போகிறேன்.

உடம்பு நலம். மார்கழிக் குளிருக்கு இரண்டு கம்பளி போர்த்திக்கொள். மரிய செல்வியை விசாரித்ததாகச் சொல்.

தந்தி நாளைக்குள் மதருக்குக் கிடைக்கும் என்று சிவசாமி சொல்கிறார். டிக்கெட்டை ரத்து செய்வது இனி உன் கையிலும் மதர் கையிலும் இருக்கிறது. இங்கே நிலுவையில் இருப்பது ஒன்றே: மதர் டிக்கெட்டைக் கொடுத்த நிமிஷம் உன் மனதில் முதலில் வந்தது கோபம் அல்ல என்றாய், என்ன என்று சொல்லவில்லை. நீ பதில் போட்டால் 17 அல்லது 18ஆம் தேதித் திருச்சித் தபாலில் எதிர்பார்க்கலாம். டிக்கெட் நாள் அதற்குள் கடந்திருக்கும்.

அன்புடன்,
அடைக்கலராஜ்